கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கும்போது என்ன மாறுகிறது?

2022 அக்டோபரில் இன்டெல் நிறுவனம் ஆர்க் ஏ750, ஏ770 என்ற இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புதிய கேம்களில் அவை ஓரளவு ஈடுகொடுத்தன. டைரக்ட்எக்ஸ் 9 (கேம்கள் கார்டுக்குக் கட்டளையிட விண்டோஸ் தரும் பொது மொழியின் பழைய பதிப்பு) காலத்துப் பழைய கேம்களிலோ, விலை குறைந்த கார்டுகளிடம்கூடத் தோற்றன. அடுத்த சில மாதங்களில் வந்த புதிய டிரைவர்களால், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்புகளால், அதே பழைய கேம்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகமெடுத்தன. கார்டில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை. தொடக்கத்தில் அந்த டிரைவர், டைரக்ட்எக்ஸ் 9 கட்டளைகளை டைரக்ட்எக்ஸ் 12 கட்டளைகளாக மாற்றி, அதன் பிறகே சிப்புக்குப் புரியும்படி மறுபடியும் மாற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுற்றுவழியைச் சீர்செய்ததில்தான் வேகம் கூடியது.

டிரைவர் என்பது ஏதோ ஒரு சிறிய இணைப்புக் கோப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் பல நூறு மெகாபைட் கொண்ட அந்தத் தொகுப்பின் மையத்தில் ஒரு முழுமையான கம்பைலர், அதாவது நிரலைச் சிப்பின் இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், இருக்கிறது. ஒளி, நிழல், தண்ணீரின் பளபளப்பு போன்றவற்றைக் கணக்கிடும் ஷேடர் நிரல்களை, எந்த நிறுவனத்தின் சிப்புக்கும் பொதுவான ஓர் இடைநிலை வடிவத்தில்தான் கணினி கேம்கள் கொண்டுவருகின்றன. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் சிப்புகளின் இயந்திர மொழி ஒன்றுக்கொன்று வேறு. ஒரே நிறுவனத்திலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எனவே கடைசிக் கட்ட மாற்றத்தை உங்கள் கணினியில், உங்கள் கார்டுக்கென்றே, டிரைவர் செய்கிறது. அந்த கம்பைலர் கொஞ்சம் புத்திசாலித்தனமாக மாறினால், அதே ஷேடர் குறைந்த நேரத்தில் ஓடும். குறிப்பிட்ட கேம்களுக்கான தனித் திருத்தங்களும் அதற்குள் இருக்கும். பெரிய கேம் ஒன்று வெளியாகும் வாரத்திலேயே புதிய டிரைவரும் வருவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பகுதி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடுகிறது. கார்டின் நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரலின் வேலை முதலில் என்று தீர்மானிப்பது அதன் பொறுப்பு. விண்டோஸ் விஸ்டா முதல் இந்த இரண்டு பகுதிகளும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் பகுதி சறுக்கினால் பெரும்பாலும் அந்த ஒரு நிரல்தான் மூடும். கெர்னல் பகுதி சறுக்கினால் நீலத்திரைதான். கொடுத்த வேலைக்குக் கார்டு சுமார் 2 விநாடி பதில் சொல்லவில்லை என்றால், விண்டோஸ் கார்டையும் டிரைவரையும் மீட்டமைத்துவிடும். திரை ஒரு கணம் இருண்டு திரும்புவது அப்போதுதான்.

கெர்னலுக்குள் ஓடுவதால் டிரைவரில் உள்ள பாதுகாப்பு ஓட்டையும் சாதாரண ஓட்டை அல்ல. என் கருத்தில், டிரைவரை மாற்ற நியாயமான காரணங்கள் நான்கு: பாதுகாப்புத் திருத்தம், புதிய கார்டு, புதிய கேம் அல்லது மென்பொருள், உங்களுக்கு இருக்கும் கோளாறு சரிசெய்யப்பட்டதாக வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருப்பது. எல்லாம் ஒழுங்காக ஓடும் கணினியில், புதியது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் அன்றைக்கே நிறுவுவது தேவையில்லாத அவசரம். 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 டிரைவரில் விசிறியின் கட்டுப்பாடு கெட்டு, கார்டுகள் அளவுக்கு மீறிச் சூடேறுவதாகப் புகார்கள் வந்தன. நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு வாரம் பொறுத்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, எங்கிருந்து எடுப்பது? சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, அல்லது அதன் சொந்தச் செயலியிலிருந்து. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' பிரிவைத் திறந்தால் கார்டின் பெயர் தெரியும். அங்கேயே இருக்கும் 'தானாகத் தேடு' என்ற வசதியை நம்ப வேண்டாம். அது தயாரிப்பாளரின் தளத்தைப் பார்ப்பதே இல்லை. கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்துவிட்டு, சிறந்தது நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்லிவிடும். பதிப்பு எண்ணும் குழப்பும். விண்டோஸ் 32.0.15.6094 என்று காட்டினால், கடைசி 5 இலக்கங்களை எடுத்துப் புள்ளி வையுங்கள்: என்விடியா கணக்கில் அது 560.94.

மடிக்கணினி என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். பலவற்றில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகள் உண்டு. பெரியது படத்தைத் தயாரிக்கும். பிராசஸருக்குள் இருக்கும் சிறியது அதைத் திரைக்கு அனுப்பும். பெரியதன் டிரைவரை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுபவர்கள் ஏராளம். தயாரிப்பாளர் தன் மாடலுக்கென மாற்றியமைத்த டிரைவர் தந்திருந்தால் முதலில் அதையே முயலலாம். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மூன்றாம் தரப்புச் செயலிகள் எந்த மாடலுக்கும் வேண்டாம். எங்கிருந்தோ வந்த கோப்பைக் கெர்னலுக்குள் விடும் வேலை அது.

லினக்ஸில் ஏஎம்டி, இன்டெல் டிரைவர்கள் கெர்னலோடும் மெசா என்ற திறமூல கிராஃபிக்ஸ் தொகுப்போடும் சேர்ந்து வருவதால் வழக்கமான புதுப்பிப்பே போதும்.

நிறுவும்போது நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். திரை இருள்கிறது, சில நேரம் ஐகான்கள் பெரிதாகித் திரும்புகின்றன. பழைய டிரைவர் இறக்கப்பட்டு, புதியது பொறுப்பேற்கும்வரை விண்டோஸின் அடிப்படை டிரைவர் திரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடைவெளி அது. பதறி மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது. முதல் நாள் கேம் விட்டுவிட்டு ஓடினாலும் தீர்ப்பு எழுத வேண்டாம்: பழைய கம்பைலர் தயாரித்துச் சேமித்த ஷேடர்கள் செல்லாமல் போய், எல்லாம் புதிதாகத் தயாராகின்றன. சிறிது நேரம் விளையாடினால் சீராகிவிடும்.

வழக்கமான புதுப்பிப்புக்குப் பழையதன் மேலேயே நிறுவினால் போதும். கோளாறு இருந்தால் நிறுவியில் உள்ள 'சுத்தமான நிறுவல்' தேர்வைப் பயன்படுத்தலாம். நிறம், கேம் அமைப்புகள் அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால், அல்லது என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறினால், 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற கருவியை சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் தொடங்கும் நிலை) ஓட்டலாம். அதற்குமுன் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் துடைத்துவிட்டுப் புதியதை நிறுவுவதற்குள் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் பழைய டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். இப்படி முழுவதும் துடைத்த பிறகு டிவைஸ் மேனேஜரின் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் மங்கிப்போயிருக்கும். திரும்பிச் செல்ல அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பதிப்பின் நிறுவல் கோப்பை, புதியதைச் சில வாரம் ஓட்டிப் பார்க்கும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.