எங்கேயோ வந்த படபடப்பு, எதன் மேலோ இறங்கும் கோபம்

கனடாவின் வான்கூவர் நகருக்கு வடக்கே கேப்பிலானோ ஆற்றின் மேல் ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. ஆற்றிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரம். மரப்பலகைகளைக் கம்பி வடத்தில் கோத்திருப்பார்கள், கைப்பிடியும் தாழ்வு. காற்று அடித்தால் ஆடும், ஆள் நடந்தாலும் ஆடும். 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தப் பாலத்தில் நடந்ததுதான்.

பாலத்தைக் கடந்துகொண்டிருந்த ஆண்களை ஓர் இளம்பெண் நிறுத்தி, ஒரு படத்தைக் காட்டி அதற்கு ஒரு சிறு கதை எழுதச் சொன்னார். முடிந்ததும், ஆய்வைப் பற்றி மேலும் அறிய வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று தன் போன் எண்ணைக் கொடுத்தார். பக்கத்திலேயே தாழ்வான, ஆடாத ஒரு பாலத்திலும் இதே ஏற்பாடு. தொங்கு பாலத்தில் எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத பாலத்தில் வாங்கிய 16 பேரில் 2 பேர் மட்டுமே.

பாலம் கொடுத்த படபடப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது, எதிரே ஒரு பெண் நிற்கிறார். படபடப்பு அவரால் வந்ததாக மனம் எடுத்துக்கொண்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். துணிச்சலான ஆட்கள்தானே தொங்கு பாலத்துக்குப் போவார்கள், அவர்கள் போன் செய்யவும் தயங்க மாட்டார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் அதே தொங்கு பாலத்தைக் கடந்தவர்களையே இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பகுதியினரைப் பாலத்தின் மேலேயே சந்தித்தார்கள், மற்றவர்களைக் கடந்து முடித்துச் சற்று ஓய்வெடுத்த பிறகு. அப்போதும் பாலத்தின் மேல் சந்தித்தவர்களே அதிகம் கூப்பிட்டார்கள். ஆட்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் இந்த ஒரு ஆய்வை வைத்து எல்லாம் தெரிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது காட்டிய திசை சரியானது.

ஏன் இந்தக் குழப்பம் வருகிறது? பயம், கோபம், பரபரப்பான மகிழ்ச்சி எதுவாக இருந்தாலும் உடம்பு செய்கிற வேலை பெரும்பாலும் ஒன்றுதான். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலேறும், உள்ளங்கை வியர்க்கும். 'ஏதோ நடக்கிறது' என்ற தகவல் மட்டும் மூளைக்குப் போகும். 'இதனால்தான்' என்ற தகவல் அதோடு வராது. காரணத்தை மூளைதான் தேட வேண்டும். அப்படித் தேடும்போது முதலில் கண்ணில் படுவது எதிரே இருப்பதுதான்.

இதில் மிக முக்கியமான பங்களிப்பு என்று நான் நினைப்பது டோல்ஃப் சில்மன் குழுவினர் 1975-இல் வெளியிட்ட ஆய்வை. மாணவர்களை உடற்பயிற்சி செய்ய வைத்து, அப்புறம் ஒரு திரைப்படக் காட்சி போட்டார்கள். சிலருக்குப் பயிற்சி முடிந்த உடனே, சிலருக்குச் சில நிமிடங்கள் கழித்து, மற்றவர்களுக்கு உடம்பு முழுக்க அடங்கிய பிறகு. உடனே பார்த்தவர்களுக்குப் படம் தரும் கிளர்ச்சி கூடவில்லை. இதயம் அடிப்பது பயிற்சியால் என்று அவர்களுக்கே தெரியும். முழுக்க அடங்கியவர்களிடம் மிச்சமே இல்லை. நடுவில் பார்த்தவர்களிடம்தான் விளைவு தெரிந்தது. 'நான் சகஜமாகிவிட்டேன்' என்று அவர்கள் நினைத்தார்கள், இதயமோ இன்னும் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மிச்சத்தைப் படத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இந்த நடு நேரத்தை நம் வீடுகளில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் நெரிசலில் வண்டி ஓட்டிவிட்டு, கடைசி சிக்னலில் குறுக்கே புகுந்தவரிடம் கத்திவிட்டு வீட்டுக்கு வருகிறோம். செருப்பைக் கழற்றும்போது 'அது முடிந்துவிட்டது' என்று தோன்றும். ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்களில் பாதியாகும், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் பாதியாகவே ஒரு மணி நேரம் போல ஆகும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை கணக்கு நோட்டைக் காணோம் என்று வந்து நிற்கும். கிடைக்கிற திட்டில் நோட்டுக்குரிய பங்கு கொஞ்சம்தான்.

இதுவரை சொன்னது உணர்ச்சி. அதற்கு ஓர் இலக்கு உண்டு, ஆயுள் குறைவு. மனநிலை மணிக்கணக்கில் நீடிக்கும், இலக்கு என்று எதுவும் இருக்காது. அதனால் கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் அதன் சாயம் ஏறும். 1983-இல் நார்பர்ட் ஷ்வார்ஸும் ஜெரால்ட் கிளோரும் அமெரிக்காவின் இல்லினாயில் வெயில் நாளிலும் மழை நாளிலும் போன் செய்து, உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மழை நாளில் பதில்களில் திருப்தி குறைந்தது. ஆனால் வெளியூரிலிருந்து பேசுவதுபோல் 'அங்கே வானிலை எப்படி?' என்று முதலில் விசாரித்துவிட்டால் அந்தக் குறைவு காணாமல் போனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை அலசிய 2013-ஆம் ஆண்டு ஆய்வில் வானிலைக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் நம்பகமான தொடர்பு தெரியவில்லை. ஆகவே மழையின் கணக்கை விட்டுவிடலாம். மனநிலைக்குக் காரணம் எதுவென்று தெரிந்தால் தீர்ப்பில் அதன் பிடி தளரும் என்ற கருத்தைத்தான் நான் இங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

காரணங்களில் நாம் அதிகம் மறப்பது தூக்கத்தை. 2007-இல் மாத்யூ வாக்கர் குழுவினர், சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதை வருத்தும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா, தூங்கியவர்களுடையதைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கிவைக்கும் முன்மூளைப் பகுதியுடன் இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது.

உணர்ச்சியின் பெயரைச் சொல்வதும் உதவும். சிலந்திக்குப் பயப்படுபவர்களை வைத்து கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், பெரிய சிலந்தி ஒன்றின் முன் நின்று 'எனக்கு இதைப் பார்த்தால் பயமாகவும் அருவருப்பாகவும் இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் ஒரு குழு. 'இது கடிக்காது, சின்னப் பூச்சிதானே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டவர்கள் இன்னொரு குழு. ஒரு வாரம் கழித்து மறுபடி சிலந்தியின் முன் நிறுத்தியபோது, பயத்தை ஒப்புக்கொண்டவர்களின் உள்ளங்கைதான் குறைவாக வியர்த்தது.

இந்த அறிவைப் பிறர் மேல் பிரயோகிப்பதில் மட்டும் எனக்குக் கவலை உண்டு. மனைவி கோபப்பட்டால் 'உனக்குத் தூக்கம் சரியில்லை' என்று சொல்லிப் பேச்சை முடிக்கும் வீடுகள் இருக்கின்றன. அது அநியாயம். மிச்சப் படபடப்பில் வந்த கோபம் உடம்பு அடங்கினால் தானும் அடங்கும். நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மறுநாள் நிதானமாக யோசிக்கும்போதும் அதே விஷயத்தில் அதே கோபம் வருகிறதென்றால், அது அந்த விஷயத்தின் மேல்தான். அதை எதிரே உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும்.