கிளாசிக்கல் கிட்டாருக்கு ஸ்டீல் கம்பி வேண்டாம்

பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை) பெயர்ந்து என் பட்டறைக்கு வரும் கிட்டார்கள் பலவற்றின் கதை ஒன்றுதான். பழைய கம்பி அறுந்திருக்கும். கடையில் "கிட்டார் கம்பி ஒரு செட்" என்று மட்டும் கேட்டு வாங்கி மாட்டியிருப்பார்கள். கிட்டார் நைலான் கம்பிக்காகச் செய்த கிளாசிக்கல், வந்த கம்பியோ ஸ்டீல்.

ஆறு நைலான் கம்பிகளையும் சுருதி சேர்த்தால் மொத்த இழுவிசை சுமார் 40 கிலோ. 12 கேஜ் ஸ்டீல் செட் (அதன் மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலத் தடிமன்) 70 கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தாங்கத்தான் ஸ்டீல் கிட்டாரின் மேல்பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவில் சட்டங்களும், கழுத்துக்குள் அது வளையாமல் தாங்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடும் வைக்கிறார்கள். கிளாசிக்கலில் பலகையும் சட்டங்களும் மெலிது. கழுத்தில் பெரும்பாலும் ராடு கிடையாது.

மாட்டிய அன்றே எதுவும் ஆகாது என்பதுதான் இதில் ஆபத்து. சத்தம் கணீரென்று வரும், வாசிப்பவருக்கும் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் மெல்ல மெல்ல பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

உங்களுடையது எந்த வகை? கம்பியைப் பிரிட்ஜில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால், தலைப்பகுதியில் நீளமாக இரண்டு துளைகள் வெட்டியிருந்தால் நைலான். பிரிட்ஜில் ஆறு பின்கள் குத்தியிருந்தால் ஸ்டீல். கம்பி நுனியில் உள்ள குண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். குண்டு வைத்த நைலான் கம்பிகளும் விற்கின்றன.

பிள்ளைகளுக்கு விரல் வலிக்கிறதென்று ஸ்டீல் கிட்டாரில் நைலான் போடலாமா என்று கேட்கிறார்கள். கிட்டார் கெடாது, ஆனால் சத்தம் மந்தமாகிவிடும். அதற்குப் பதில் இன்னும் மெல்லிய 10 கேஜ் ஸ்டீல் செட் போடுங்கள். பல நேரம் கம்பி ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அதிக உயரத்தில் இருப்பதுதான் வலிக்குக் காரணம். கம்பியைத் தாங்கும் இரண்டு பட்டைகளான நட்டையும் (கழுத்தின் மேல்முனையில்) சேடிலையும் (பிரிட்ஜில்) சரிசெய்தாலே பாதி வலி போய்விடும்.

ஸ்டீல் கம்பி வாங்கும்போது அதன் மேல் சுற்றிய உலோகத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். 80/20 பிரான்ஸ் (80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம்) பளிச்சென்று ஒலிக்கும், பாஸ்பர் பிரான்ஸ் கொஞ்சம் கனிவாக ஒலிக்கும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மட்டும் நிக்கல் பூசிய ஸ்டீல்தான் சரி, பிரான்ஸின் அதிர்வை அதன் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தப் பகுதி) சரியாக வாங்காது. சென்னை மாதிரி கடலோர ஊர்களில் ஸ்டீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். கையில் அதிகம் வியர்ப்பவர்கள் மேல்பூச்சு உள்ள கம்பி வாங்கினால், விலை கூடினாலும் நீடித்து உழைக்கும்.

ஏற்கெனவே கிளாசிக்கலில் ஸ்டீல் மாட்டியிருக்கிறீர்களா? இன்றைக்கே ஆறையும் தளர்த்திவிடுங்கள். பிரிட்ஜ் லேசாகத் தூக்கியிருந்தால் சூப்பர் க்ளூ மட்டும் விடாதீர்கள். அது மரத்துக்குள் இறங்கிவிட்டால், பழைய பசையைச் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டுவது எங்களுக்குப் பெரும்பாடு.