இறந்தவர் எண்ணுக்கு வரும் "கடன் தயார்" செய்தி: 1909 எதற்கு, எப்படி?

காரைக்குடியில் நான் வைத்திருப்பது சின்ன ஜெராக்ஸ் கடை. இப்போதெல்லாம் நகல் எடுக்க வருபவர்களை விட, "தம்பி, போன்ல என்னமோ வந்திருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்று வருபவர்கள்தான் அதிகம். போன மாசியில் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார். கையில் பழைய பட்டன் போன். அவருடைய வீட்டுக்காரர் ஐப்பசியில் இறந்துவிட்டார். மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்த எண்தான் தெரியும் என்பதால் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தார்கள்.

அதில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. இறந்தவரின் பெயர், பிறந்தநாள் வாழ்த்து, கீழே ஐந்து லட்ச ரூபாய்க் கடன் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரி. ஆச்சிக்குப் புரிந்தது 'லோன்' என்ற சொல்லும் அந்தத் தொகையும்தான். "அவுக யார்கிட்டயும் அஞ்சு காசு கடன் வாங்குனதில்ல தம்பி. இது எப்ப வாங்குனாக?" என்று கேட்டார். இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம்.

இது வாங்கிய கடன் இல்லை ஆச்சி, கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூப்பிடுகிற விளம்பரம் என்று விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அனுப்பியது ஒரு கணினி. அதன் பட்டியலில் ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி, ஒரு எண். தேதி வந்ததும் வாழ்த்து கிளம்பிவிடும். அந்த வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிற ஆள் நடுவில் கிடையாது. அதனால் அதைத் திட்டிப் பதில் அனுப்புவதில் பிரயோசனம் இல்லை. ஆனால் அதை அனுப்ப வைத்த நிறுவனத்துக்கு விதி இருக்கிறது. நம் பக்கம் ஒரு பிடியும் இருக்கிறது: விளம்பரத்தைத் தடுக்கவும் புகார் செய்யவும் உள்ள எண், 1909.

இதன் பின்னால் இருப்பது டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூலையில் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகள். 2007-லும் 2010-லும் இதே நோக்கத்தில் விதிகள் போட்டார்கள். விளம்பரக்காரர்கள் சந்து கண்டுபிடித்தார்கள். 2018 விதிகளையும் 2025 பிப்ரவரி 12-ல் திருத்தி இறுக்கினார்கள். கீழே சொல்வதில் பாதி அந்தத் திருத்தத்தில் வந்தது.

முதலில் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

நிறுவனங்களிலிருந்து வரும் குறுஞ்செய்தியில், எண் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளாக ஒரு பெயர் இருக்கும். அதன் கடைசியில் ஒரு சிறு கோடு, கோட்டுக்கு அப்புறம் ஒற்றை எழுத்து. 'பி' (P) என்றால் விளம்பரம். 'எஸ்' (S) என்றால் சேவை: உங்கள் சிலிண்டர் கிளம்பிவிட்டது என்பது போல. 'டி' (T) என்றால் பணப் பரிவர்த்தனை: ஓடிபி இந்த வகை. 'ஜி' (G) என்றால் அரசு. விளம்பரத்தைத் தடுக்கப் பதிவு செய்தால் 'பி' மட்டும்தான் நிற்கும். மற்ற மூன்றும் வந்துகொண்டே இருக்கும், வரவும் வேண்டும். "தடுத்துட்டா பேங்க் மெசேஜும் நின்னுடுமே" என்று பயந்தே பலர் பதிவு செய்யாமல் இருக்கிறார்கள். நிற்காது.

அழைப்புக்கும் இப்படி ஒரு அடையாளம் உண்டு. 140-ல் தொடங்கும் எண் விளம்பர அழைப்பு. 1600-ல் தொடங்குவது சேவை, பரிவர்த்தனை சம்பந்தமானது. வங்கிகளும் இப்படித்தான் பிரித்துக் கூப்பிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆகவே சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "பேங்க்ல இருந்து பேசறோம் சார், லோன் வேணுமா" என்று ஒருவர் கேட்டால், அவர் விதியை மீறுகிறார், இல்லாவிட்டால் மோசடிக்காரர். எதுவாக இருந்தாலும் பேச்சை நீட்ட வேண்டாம்.

ஆச்சிக்கு வந்த செய்தியில் 'பி' இருந்தது. இங்கே ஒரு கசப்பான விஷயம். தடுப்புப் பதிவு செய்யாத எண்ணுக்கு, முறையாகப் பதிவு பெற்ற நிறுவனம் 'பி' போட்டு விளம்பரம் அனுப்புவது தவறே இல்லை. இறந்தவருக்கு வாழ்த்து அனுப்பியது மனசுக்கு எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், அதை மட்டும் வைத்து அன்றைக்குப் புகார் எடுபடாது. வீட்டில் சாவு நடந்தால் தனிச் சலுகை என்று விதியில் எதுவும் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது இல்லாதவரை நாமே போய்ப் பதிவு செய்வதுதான் வழி.

பதிவு செய்வது

தடுக்க வேண்டிய அதே எண்ணிலிருந்து 1909-க்கு ஒரு குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று அடித்து, ஒரு இடம் விட்டு, பூஜ்யம் (START 0). அவ்வளவுதான், எல்லா விளம்பரமும் அடைபடும். காசு பிடிக்காது. எழுத வராதவர்கள் 1909-ஐக் கூப்பிட்டுப் பேசியும் பதிவு செய்யலாம். ஸ்மார்ட்போன் இருந்தால் டிராயின் டி.என்.டி (DND, 'தொந்தரவு செய்யாதே') செயலியில் செய்யலாம்.

மொத்தமாக அடைக்க விருப்பமில்லை என்றால் வகை பிரித்தும் அடைக்கலாம். வங்கி–காப்பீடு–கடன் அட்டை ஒரு வகை, வீடு–மனை ஒரு வகை, கல்வி, மருத்துவம், வீட்டுப் பொருட்கள்–வாகனம், தொலைத்தொடர்பு–பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு என்று எட்டு இருக்கின்றன. எந்தக் கிழமை, எந்த நேரம் வரக்கூடாது என்றுகூடச் சொல்லலாம். குறுஞ்செய்தி இருக்கட்டும், பதிவு செய்த குரலில் பேசும் தானியங்கி அழைப்பு மட்டும் வேண்டாம் என்றும் தேர்வு செய்யலாம். நம் பக்கத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் வீடு–மனை வகையை மட்டும் அடைத்தாலே பாதி நிம்மதி. சொல்லப்போனால், இவ்வளவு நுணுக்கமாக யாரும் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் பூஜ்யத்தையே போடச் சொல்கிறார்கள்.

இதைத் தவிர, 'பி' செய்தியிலேயே இனி வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருந்தாக வேண்டும் என்பது 2025 திருத்தம். அப்படி மறுத்துவிட்டால், அந்த நிறுவனம் அடுத்த 90 நாளைக்கு உங்களிடம் மறுபடி சம்மதம் கேட்கக்கூடாது.

பதிவு செய்த பிறகும் வந்தால்

ஆச்சியின் போனிலிருந்தும் இப்படிப் பதிவு அனுப்பி வைத்தேன். கதை அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே போனுக்கு ஓர் அழைப்பு, சாதாரணப் பத்து இலக்க எண். ஒரு பெண் குரல் இறந்தவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. ஆச்சி பதறிப்போய், "அவுக இல்லம்மா, ஐப்பசியிலயே போயிட்டாக" என்றிருக்கிறார். அந்தப் பக்கம், "மேலும் விவரங்களுக்கு ஒன்றை அழுத்தவும்" என்றது. அது பதிவு செய்த குரல் என்று தெரியாமல், ஆச்சி இன்னொரு தடவையும் சொல்லியிருக்கிறார்.

இந்த மாதிரி அழைப்பில் ஒன்றையோ இரண்டையோ அழுத்தாதீர்கள். "இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், கேட்கிறார்" என்றுதான் அந்தப் பக்கம் கணக்கு வைப்பார்கள். வைத்துவிட்டு, எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதி முக்கியம். வந்த நாளிலிருந்து 7 நாளைக்குள் புகார் செய்ய வேண்டும். முன்பு 3 நாள்தான் இருந்தது. தொல்லை வந்த உங்கள் எண்ணிலிருந்தே 1909-க்கு என்ன விளம்பரம், எந்த எண் அல்லது பெயரிலிருந்து, எந்தத் தேதியில் என்று அனுப்பினால் போதும். செயலியிலும் செய்யலாம். ஒரு குறிப்பு எண் வரும். இப்படிப் பதிவு பெறாத ஆட்கள் பத்து இலக்க எண்ணிலிருந்து தொல்லை கொடுத்தால், நீங்கள் தடுப்புப் பதிவு செய்திருக்காவிட்டாலும் புகார் கொடுக்கலாம். இதுவும் 2025-ல் வந்த நல்ல மாற்றம். அந்த ஆட்கள் மீது தொலைபேசி நிறுவனம் 5 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். முன்பு 30 நாள் இழுக்கலாம். பத்து நாளுக்குள் ஒரே எண் மீது 5 புகார் சேர்ந்தாலே நடவடிக்கைக்குப் போதும். முதல் தடவை 15 நாளைக்கு அவர்களால் வெளியே பேச முடியாது. திரும்பவும் செய்தால் எல்லா நிறுவனத்து இணைப்பும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஐந்து பேர் போதும் என்பதால், ஒரே எண்ணிலிருந்து தெருவில் நாலு வீட்டுக்கு வந்தால் நாலு வீடும் புகார் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் செய்துவிட்டார் என்று விட்டுவிட வேண்டாம்.

டிராய்க்கே நேராக எழுதுகிறவர்கள் உண்டு. தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் புகார், அதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு. அதுதான் வரிசை.

ஆச்சிக்குக் குறிப்பு எண் வந்ததும், மடியிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தார். அழைப்பு வந்த தேதி, புகார் எண், நான் வாங்கிய பத்து ரூபாய் எல்லாம் ஒரே வரியில் ஏறின. என்னிடம் வருகிற படித்த பிள்ளைகள் ஒருவரும் இப்படிக் குறித்து வைப்பதில்லை. பிறகு வந்து, "அண்ணே, அந்த நம்பர் அழிஞ்சுபோச்சு" என்பார்கள்.

வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் 1909-க்குள் வராது. அங்கே அந்தக் கணக்கைத் தடுத்து, செயலியிலேயே புகார் தட்ட வேண்டியதுதான். மோசடி வாடை அடித்தால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் புகார் செய்ய 'சக்ஷு' என்ற பகுதி இருக்கிறது. பணமே போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

பிறந்த தேதி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

ஆச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்கு ஊகம்தான். பொருட்காட்சியில் பரிசுக் கூப்பன் நிரப்பியிருப்பார், அல்லது ஏதாவது கடையில் பில் போடும்போது சொல்லியிருப்பார். கண்டாங்கிச் சேலை ஒன்று எடுக்கப் போனாலும் கல்லாவில் "நம்பர் சொல்லுங்க" என்பதுதான் முதல் கேள்வி. சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எண் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக்கூடாது என்று 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை வெளியே விடுவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். கடைக்காரரோடு சண்டை வேண்டாம். "நம்பர் இல்லாம போடுங்க" என்றால் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்; கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். விவரத்தை அழிக்கச் சொல்லலாம். தனக்குப் பிறகு இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் அதில் இடமிருக்கிறது, வங்கி நாமினி மாதிரி. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின; இந்த உரிமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே.

வீட்டில் ஒருவர் இறந்தபின் செய்ய வேண்டியது

இறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும், அவர் கணக்கு வைத்திருந்த வங்கி, காப்பீடு, நகைக்கடைச் சீட்டு எல்லா இடத்துக்கும் ஒரு தாளில் எழுதி, சான்றிதழ் நகலோடு கொடுங்கள். "வாடிக்கையாளர் இன்ன தேதியில் காலமானார். இந்த எண்ணுக்கும் முகவரிக்கும் விளம்பரம் எதுவும் அனுப்ப வேண்டாம்" என்ற இரண்டு வரி போதும். கொடுத்ததற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். வங்கிக்குக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448.

போன் எண் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் செயலிழந்து, 90 நாள் கழித்து வேறு யாருக்காவது போகக்கூடும். அந்த எண் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தால் ஓடிபி அவர் கைக்குப் போகும். ஆகவே முதலில் வங்கியில் எண்ணை மாற்றுங்கள் அல்லது கணக்கை முடியுங்கள், அப்புறம் எண்ணை விடுங்கள். எண் வேண்டும் என்றால், சான்றிதழோடு தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குப் போய் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆச்சி வீட்டில் அதைத்தான் செய்தார்கள். சென்னையிலிருந்து மகன் வந்து எண்ணைத் தன் பெயருக்கு மாற்றினார். இணைப்பு ஆள் மாறியதால், 1909-க்கு அந்த 'ஸ்டார்ட் பூஜ்யத்தை' புதிதாக இன்னொரு தடவை அனுப்பி வைத்தேன். மலேசியாக்காரர்கள் இன்னும் அதே எண்ணில்தான் கூப்பிடுகிறார்கள்.