நெட்வொர்க் வேலைக்குத் தொழில் பழகுநர் பயிற்சி: குமரிப் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் முன்

தொழில் பழகுநர் (அப்ரன்டிஸ்) சட்டம் 1961-இல் வந்தது. அதற்கு இன்று இரண்டு வாசல்கள். பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்கள் பெரும்பாலும் நாட்ஸ் (தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம்) வழியாகப் போகிறார்கள். ஐடிஐ முடித்தவர்களுக்கு 2016-இல் தொடங்கிய நாப்ஸ் (தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம்). வரலாறு இவ்வளவு போதும். மனத்தில் நிறுத்த வேண்டியது வேறு: நாட்ஸில் ஒரு தடவைதான் பயிற்சி பெற முடியும். அந்த ஒரு வருடத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பதில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவன். பயிற்சி ஒப்பந்தத்தில் 'நெட்வொர்க் உதவியாளர்' என்று இருந்தது. உள்ளே போனதும் பிரிண்டருக்கு மை நிரப்புவது, அடையாள அட்டை அச்சடிப்பது, மேலாளருக்கு எக்செல் தட்டுவது என்று வருடம் ஓடிவிட்டது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்த அறையின் சாவி கூட அவன் கைக்கு வரவில்லை. அடுத்து போன நேர்முகத் தேர்வில், "192.168.10.70/26 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். விடை 192.168.10.64. அவன் விழித்தான். கையில் சான்றிதழ் இருந்தது. மறுபடி பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தகுதி மட்டும் இல்லை.

ஆகவே முதலில் உங்கள் கைக்கு என்ன வரும் என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியலை ஓரமாக வையுங்கள். நெட்வொர்க் கேபிளின் எட்டுக் கம்பிகளை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி, முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வைக்க முடிகிறதா? ஏணி ஏறவும் வெயிலில் அலையவும் தயங்கமாட்டீர்களா? அப்படியானால் கேபிள், ஃபைபர், ரௌட்டர் பொருத்தும் களப்பணி உங்களுக்குப் பொருந்தும். கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் பணி தமிழ்நாட்டில் 2022-இல் நம் குமரி மாவட்டத்து முத்தலக்குறிச்சியில்தான் தொடங்கியது. இழுத்த கம்பியைப் பராமரிக்க ஆள் வேண்டுமல்லவா?

கைவேலையை விடக் கணக்குத்தான் வருகிறது என்றால் வேறு பாதை. சப்நெட் (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது), விலேன் (ஒரே ஸ்விட்சில் தனித்தனி நெட்வொர்க்குகள்), டிஎச்சிபி (கணினிக்குத் தானாக முகவரி தருவது), டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றுவது) ஆகியவற்றை வாயால் விளக்க முடிந்து, இரவுப் பணியும் ஆங்கிலத்தில் நாலு வரி மின்னஞ்சலும் சிரமமில்லை என்றால், நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தின் முதல்நிலைப் பணியைத் தேடுங்கள். இரண்டும் பாதிதான் வரும் என்றால் ஒரு மருத்துவமனையிலோ கல்லூரியிலோ கணினிகளையும் உள் நெட்வொர்க்கையும் சேர்த்துப் பார்க்கும் வேலை நல்ல தொடக்கம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

இனி தகுதி. இங்கேதான் கண்ணிகள்.

படிப்பு முடித்து ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் நாட்ஸில் இடமில்லை. "முதலில் எங்கள் கடையில் ஒரு வருடம் வேலை பழகு, பிறகு பயிற்சியில் சேர்த்துவிடுகிறோம்" என்று சொல்பவர் உங்கள் தகுதியைத் தின்றுவிட்டுத்தான் விடுவார். அந்த ஒரு வருடத்துக்கு அவர் தரும் அனுபவச் சான்றிதழே உங்களுக்கு எதிரான சாட்சி.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றிதழில் 'விஜின் ஆர்', ஆதாரில் 'விஜின் ராஜன்'. நம் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இந்த நிலைமைதான். நாட்ஸ் இணையதளம் இருவரையும் வேறு வேறு ஆள் என்கிறது. கவுன்ட்டரில் இருப்பவரோ "திருத்திக்கொண்டு வாருங்கள்" என்பதோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார். எதை எங்கே திருத்துவது என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்: சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு, ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவதே சுலபம். இதைக் கடைசித் தேர்வு எழுதும் முன்பே முடித்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கிலும் இதே கதை. பாஸ்புத்தகத்தில் ஆதார் எண் இருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் நேரடியாக வந்து சேர அந்தக் கணக்கு ஆதாரோடு 'சீடிங்' (ஆதார் எண்ணுக்கு வரும் பணம் இந்தக் கணக்குக்குத்தான் என்ற பதிவு) ஆகியிருக்க வேண்டும். வங்கியில் "லிங்க் ஆகிவிட்டது" என்பார்கள். "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்குச் சீடிங் ஆகியிருக்கிறதா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். உதவித்தொகையில் ஒரு பங்கு அரசிடமிருந்து வருவதால் இது முக்கியம். 2019-இல் திருத்திய விதியில் பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று இருந்தது. நாட்ஸில் இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதி மத்திய அரசின் பங்கு. நிறுவனம் மாதாமாதம் விவரம் ஏற்றினால்தான் அது வரும். "அரசு இன்னும் தரவில்லை" என்று சொன்னால், எந்த மாதம் வரை ஏற்றினீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். கையெழுத்திடும் நாளில் நாட்ஸ் தளத்தில் என்ன குறைந்தபட்சத் தொகை இருக்கிறதோ, ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அலைச்சல் தனிக் கதை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டால் ஐடிஐக்குப் போகச் சொல்வார்கள். ஐடிஐயில் பட்டதாரி விவகாரம் இங்கே இல்லை என்பார்கள். கல்லூரியிலோ வேலைவாய்ப்புப் பிரிவின் ஆசிரியர் விடுப்பில் இருப்பார். இந்த அலுவலகங்கள் இருக்கும் நாகர்கோவில் கோணத்திலேயே பகல் கழிந்துவிடும். நாட்ஸ் பதிவுக்கு இந்த அலுவலகங்கள் எதுவும் தேவையில்லை; இணையத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் தரகர். நாட்ஸை இங்கே நடத்தும் தென்மண்டலப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. கேரளமும் அதன் எல்லைக்குள்தான். எனவே, "களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால் செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் உள்ள நிறுவனத்திலும் நாட்ஸ் பயிற்சி பெறலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அரசுப் பணி மூப்புக்கானது. அதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் போதும், இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிறுவனம் கிடைத்ததும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஸ்விட்ச், ரௌட்டர் வேலையை நானே செய்வேனா, வெறுமனே வேடிக்கை பார்ப்பேனா? என் மேற்பார்வையாளர் யார்? ஒப்பந்தம் தளத்தில் பதிவாகிவிட்டதா, எண் என்ன? மூன்றாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எண் இல்லாத பயிற்சி, பயிற்சியே அல்ல, மலிவான கூலி. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்திலும் சேராதீர்கள், நகல் போதும். பயிற்சிக்குப் பிறகு வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. வாய்மொழி உறுதியை நம்பி வேறு வாய்ப்பைத் தள்ளவும் வேண்டாம்.

பதினோராவது மாதத்தில் வேறு வேலை கிடைத்து ஓடுகிறவர்கள் நிறையப் பேர். புது வேலை எழுத்தில் உறுதியாகிவிட்டால் போங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் வாரியத்தின் சான்றிதழ் முழுக் காலத்தையும் முடித்தவருக்குத்தான். ஒரு மாதம் கழித்துச் சேர புது நிறுவனம் சம்மதிக்குமா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.