அல்சருக்கு காரணம் டென்ஷனா? ஒரு வயித்துக் கதையில ஆராய்ச்சியோட வகைகள்

எங்க வீட்ல யாராவது வயிறு எரியுதுன்னா ரெண்டு காரணம் ரெடியா இருக்கும், ஒண்ணு நேரத்துக்கு சாப்பிடல, இல்லன்னா டென்ஷன். 1980கள் வரைக்கும் டாக்டருங்களே அல்சருக்கு பெரும்பாலும் இதைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க, டென்ஷன், அமிலம், காரம்னு. அந்தக் கணக்கு தப்பான கதையைப் பாத்தாலே, ஆராய்ச்சின்னா என்ன, எத்தனை வகைங்குற பரீட்சைக் கேள்விக்கு பாதி பதில் வந்துடும்.

1979, ஆஸ்திரேலியால பெர்த் ஊரு. ராபின் வாரன்னு ஒரு டாக்டர், வயித்துல இருந்து எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்ல பாக்குறார், வளைஞ்சு வளைஞ்சு பாக்டீரியா ஒட்டிட்டு இருக்கு. வயித்து அமிலத்துல கிருமி தங்காதுன்னு நம்பிட்டு இருந்த காலம் அது. அவர் பாத்ததை பாத்தபடி குறிச்சு வச்சார், அவ்ளோதான். இது விவரிக்கிற ஆராய்ச்சி. கேக்க சப்பையா இருக்கும், ஆனா இது இல்லன்னா அடுத்த கேள்வியே பொறக்காது.

1981ல பேரி மார்ஷல்ங்குற இளம் டாக்டர் சேந்தார். 100 நோயாளிகள்கிட்ட திசு எடுத்து பாத்ததுல, முன்சிறுகுடல்ல அல்சர் இருந்த கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் அந்தக் கிருமி இருந்துச்சு. (லேப்ல அதை வளக்கவே முடியல, ரெண்டு நாள்ல கிருமி வளக்குற தட்டை தூக்கிப் போட்டுடுவாங்க, 1982 ஈஸ்டர் லீவுல மறந்து விட்ட தட்டுலதான் வளந்துச்சு!) இது தொடர்பு தேடுற ஆராய்ச்சி. இங்கதான் நெறைய பேர் சறுக்குறாங்க, அழுகின பழத்துல ஈ மொய்க்குதுன்னா ஈதான் அழுக வச்சதுன்னு சொல்லிட முடியுமா?

அதுக்குத்தான் சோதனை ஆராய்ச்சி, நாமளே ஒண்ணை மாத்திட்டு என்ன ஆகுதுன்னு பாக்குறது. பன்னிக்குட்டிங்ககிட்ட பண்ணிப் பாத்து சரியா வரல, 1984ல மார்ஷல் கிருமிக் கரைசலை தானே மடக்குனு குடிச்சுட்டார். கொஞ்ச நாள்ல வாந்தி, வாய் நாத்தம், எண்டோஸ்கோப்பில (குழாய்ல கேமரா விட்டு) பாத்தா முன்னாடி சுத்தமா இருந்த வயிறு வீங்கிக் கெடக்கு. தில்லுதான், ஆனா என்னைக் கேட்டா இது முழு ஆதாரம் இல்ல, ஒரே ஒரு ஆளு, வந்ததும் அழற்சிதான், அல்சர் இல்ல. நெஜமான அடி 1988ல வெளிவந்த சோதனைல விழுந்துச்சு. அல்சர்காரங்களைப் பிரிச்சு, அல்சர் மருந்தோட சேத்து சிலருக்கு ஆன்டிபயாட்டிக், சிலருக்கு டம்மி மாத்திரை, யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது நோயாளிக்கும் தெரியாது. கிருமி ஒழிஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அல்சர் திரும்பி வரல. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல்.

ஹெலிகோபேக்டர் பைலோரின்னு பேர் வச்ச இந்தக் கிருமி அமிலத்துல எப்படி பொழைக்குதுன்னு தோண்டுறது அடிப்படை ஆராய்ச்சி. யூரியாவை உடைச்சு அம்மோனியாவாக்கி தன்னைச் சுத்தி அமிலத்தை முறிச்சுக்குதாம், கில்லாடி. அதே சங்கதியை வச்சு டெஸ்ட் கண்டுபிடிச்சது பயன்பாட்டு ஆராய்ச்சி: அடையாளம் போட்ட கார்பன் இருக்குற யூரியாவைக் குடிக்கக் குடுத்து, கொஞ்ச நேரம் கழிச்சு பைக்குள்ள ஊதச் சொல்வாங்க, மூச்சுல அந்தக் கார்பன் வந்தா உள்ள ஆள் இருக்கான்னு அர்த்தம்.