கிளட்சைப் பிடித்துவிட்டுக் காது கொடுங்கள்

என் முதல் செகண்ட் ஹேண்ட் பைக்கை நான் ஓட்டிப் பார்க்காமல் வாங்கவில்லை. மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஓனர் சாவியைக் கையில் கொடுத்ததும் ரிங் ரோடு வரை போய் 70, 75 என்று முறுக்கினேன். பிக்கப் பிரமாதம். திரும்பி வந்து, பேரம்கூடச் சரியாகப் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே வண்டி இருபது உதை வாங்கிய பிறகுதான் கண் திறந்தது. கிளம்பியதும் இன்ஜினுக்குள் யாரோ கொட்டாங்குச்சியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தெருமுனை தாண்டி, பால் பூத் தாண்டி, பத்து நிமிடத்தில் அது தானாக அடங்கிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை.

"நீ பாக்கப் போனப்போ இன்ஜின் சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. இப்பத்தான் கடைக்குப் போயிட்டு வந்தேன்னாரு."

"அவரு எந்தக் கடைக்கும் போகல தம்பி. உனக்காகச் சூடு பண்ணி வச்சிருக்காரு."

அந்தச் சூட்டில் என்ன மறைகிறது? நம் ஊரில் கைமாறுகிற 100, 150 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிஸ்டன் அலுமினியம். அது ஏறி இறங்குகிற சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே மயிரிழையைவிடக் குறுகலான ஓர் இடைவெளி விட்டுத்தான் செய்திருப்பார்கள். ஓடி ஓடி அந்த இடைவெளி பெரிதாகிவிட்டால், பிஸ்டனைக் கீழே கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராட் சாய்வாகத் தள்ளும்போதெல்லாம் பிஸ்டன் ஒருபக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குச் சாய்ந்து மோதும். நான் கேட்ட கொட்டாங்குச்சிச் சத்தம் அதுதான். ஆனால் சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீள அலுமினியக் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர் நீளும், இரும்பு 1.1 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் சுவரைவிட வேகமாகப் பருத்து, தேய்ந்துபோன இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்கிறது. பத்து நிமிடம் ஓடிய வண்டி இளமையாகத் தெரிவது இதனால்தான்.

இன்னொரு வகை நோய்க்கு இது நேர் தலைகீழ். இன்ஜின் ஆயில் குளிர்ச்சியில் விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். நம் வண்டிகளில் ஊற்றுகிற 20டபிள்யூ-40 வகை ஆயில், 40 டிகிரியில் இருந்த கெட்டித்தன்மையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்கு 100 டிகிரியில் இறங்கிவிடும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற கிராங்கில் பேரிங் தேய்ந்திருந்தால், குளிர்ந்த ஆயில் அந்தத் தளர்ச்சிக்கு மெத்தை போட்டு வைத்திருக்கும். சூடானதும் மெத்தை மெலியும். ஆக்சிலரேட்டரைத் திருகும்போது அடிவயிற்றிலிருந்து 'டங் டங்' என்று கனமாக ஒரு தட்டல் கேட்கும். சில ஓனர்கள் விற்பதற்கு முன்னால் வேண்டுமென்றே இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றி இதை அமுக்கி வைப்பதும் உண்டு.

ஆக ஒரே இன்ஜினை ஆறிக்கிடக்கும்போது ஒரு தடவை, நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு தடவை என்று இரண்டு முறை கேட்டாக வேண்டும். போவதற்கு முன்பே போனில், "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் பார்ப்பதற்கு முன்னால் இன்ஜினுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு தட்டினால் அவசரப்பட வேண்டாம், டீ குடித்துவிட்டு வரலாம். ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். கிக்கர் இருக்கிற வண்டியென்றால் சாவி போடாமல் மெல்ல மிதித்துப் பாருங்கள். நல்ல இன்ஜினில் பாதி வழியில் கால் ஓர் இடத்தில் நிற்கும். உள்ளே அடைபட்ட காற்று திருப்பி உதைக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கோ, காற்றை உள்ளே வெளியே விடுகிற வால்வோ கசிந்தால், மெதுவாக மிதிக்க மிதிக்க அந்தக் காற்று நழுவிப் போய், பஞ்சில் கால் வைத்த மாதிரி கிக்கர் இறங்கிவிடும்.

வண்டி நகரத் தொடங்கியதும் சத்தங்கள் கலந்துகட்டி வரும். எது எங்கிருந்து வருகிறது என்று பிரிப்பதுதான் இந்த ஓட்டத்தின் முழு வேலையும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இடது கைக்குள்ளேயே இருக்கிறது. ஓடுகிற வண்டியில் இரண்டு சுழற்சிகள் உண்டு: இன்ஜினின் சுழற்சி, சக்கரத்தின் சுழற்சி. கியரில் இருக்கும்வரை இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கிளட்சைப் பிடித்த நொடியில் அவிழ்ந்துவிடுகின்றன. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிளட்சைப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு உருண்டு போங்கள். சந்தேகப்பட்ட சத்தம் இன்ஜினோடு சேர்ந்து அடங்கினால் அது இன்ஜினுடையது. மாறாமல் கூடவே வந்தால் சக்கரம், பேரிங், செயின், பிரேக் இவற்றில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்ப்பார்களே, அதே சோதனைதான்.

அடுத்து, எண்ணிப் பாருங்கள். 18 அங்குல ரிம் போட்ட வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.85 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்று. சும்மா நிற்கும்போதுகூட இன்ஜின் நிமிடத்துக்கு 1,400 தடவை, அதாவது நொடிக்கு 23 தடவை சுற்றுகிறது. அதை எந்தக் காதாலும் எண்ண முடியாது, அதிர்வாகத்தான் கையில் ஏறும். ஆகவே நிதானமான வேகத்தில், தாளம் போட்டு எண்ணக்கூடிய எந்தத் தட்டலும் இன்ஜினுக்குப் பிறகான சமாச்சாரம். நொடிக்கு மூன்று வந்தால் ரிம் கோட்டம், டயர் வீக்கம், அல்லது வட்டம் கெட்டுப்போன பிரேக் டிரம். டிரம் என்றால் பிரேக் பிடிக்கும்போது மட்டும் லிவர் விரலுக்குள் துடிக்கும்.

அதைவிட மெதுவாக, நொடிக்கு ஒன்று, ஒன்றேகால் என்று ஒரு 'டக்' வருகிறதா? எனக்குப் பிடித்த துப்பு இதுதான். பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் 42 பல், செயினில் 104 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 42 கண்ணிதான் கடக்கும். செயின் முழுதாக ஒருமுறை சுற்றிவர சக்கரம் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். துருவேறி இறுகிப்போன ஒரே ஒரு கண்ணி, சிறிய முன் ஸ்ப்ராக்கெட்டில் வளையும்போது துள்ளினால், அந்தத் துள்ளல் இரண்டரைச் சுற்றுக்கு ஒரு தடவை வரும். வண்டியை விட்டு இறங்காமலேயே எந்தக் கண்ணி என்பதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லிவிடலாம். 'செயின் இழுத்துக்கிச்சு' என்று நாம் சொல்வதும் உண்மையில் இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் புஷ்ஷும் இம்மி இம்மியாகத் தேய்கின்றன. நூறு இம்மி சேர்ந்தால் செயினே நீண்ட மாதிரி ஆகிவிடுகிறது.

கிளட்ச் தேய்வையும் காதாலேயே பிடிக்கலாம். டாப் கியரில் 35 வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகுங்கள். கியர் மாறாதவரை இன்ஜினும் சக்கரமும் ஒரே விகிதத்தில் கட்டுண்டவை என்பதால், இன்ஜினின் சுதி ஏறினால் அதே அளவு வேகமும் ஏறித்தான் ஆக வேண்டும். சுதி மட்டும் மேலே போய், ஸ்பீடாமீட்டர் முள் சோம்பேறித்தனமாகப் பின்னால் வந்தால், நடுவே கிளட்ச் பிளேட்டுகள் வழுக்குகின்றன. என்னைப் போல ரிங் ரோட்டில் 75 பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. மெதுவாக ஏறும் வேகத்தில் பாதி தேய்ந்த கிளட்சும் சமாளித்துவிடும்.

இனி, பலரும் கோட்டைவிடுகிற இடம்: ஹேண்டில்பாரின் அடியில் இருக்கிற கோன் செட்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் திரும்புகிற இடத்தில் மேலும் கீழும் இரண்டு எஃகுக் கிண்ணங்கள், அவற்றில் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள். இந்தக் குண்டுகளின் பிழைப்பு விசித்திரமானது. சக்கர பேரிங்கில் குண்டுகள் சுற்றிக்கொண்டே இருப்பதால் தேய்மானம் வட்டம் முழுக்கப் பரவும். கோன் செட்டிலோ வண்டி பெரும்பாலான நேரம் நேராகத்தான் போகிறது. குண்டுகள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி, ஒவ்வொரு பள்ளத்திலும், வெள்ளைக்கோடு கூட இல்லாத ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அதே புள்ளியில் அடி வாங்குகின்றன. கடைசியில் கிண்ணத்தில் குண்டு குண்டாகக் குழி விழுகிறது. சுவீடனைச் சேர்ந்த பிரினெல் என்பவர் 1900-ல் உலோகத்தின் கடினத்தை அளக்க இதே வழியைத்தான் கையாண்டார்: ஓர் எஃகுக் குண்டை வைத்து அழுத்து, விழுந்த குழியை அள. நம் சாலைகள் அந்தச் சோதனையை இலவசமாகச் செய்து தருகின்றன.

குழி விழுந்த கோன் செட்டில் ஹேண்டில் நேராக வந்ததும் 'க்ளிக்' என்று ஓர் இடத்தில் உட்காரும். அதனால் என்ன? இருசக்கர வண்டி எப்படி விழாமல் நிற்கிறது என்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது. வண்டி இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்தால், முன்சக்கரம் தானாக இடதுபக்கம் ஒரு துளி திரும்பி, சாயும் எடைக்கு அடியில் சக்கரங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சுழலும் சக்கரம் பம்பரம் போல நிமிர்ந்து நிற்கப் பார்க்கிற கைரோ விளைவுதான் இதற்கெல்லாம் காரணம் என்று வெகுகாலம் நம்பிவந்தார்கள். 2011-ல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைரோ விளைவை நீக்கி, ஹேண்டில் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் முன்சக்கரம் தரையைத் தொட்டு இழுபடுகிற அமைப்பையும் எடுத்துவிட்டு, ஒரு குட்டி மிதிவண்டியைக் கட்டினார்கள். ஆளில்லாமல் தள்ளிவிட்டும் அது நிமிர்ந்தே ஓடியது. முக்கியம், விழும் பக்கமே ஹேண்டில் தாராளமாகத் திரும்ப வேண்டும். அதை எது திருப்புகிறது என்பது இரண்டாம்பட்சம். கோன் செட்டின் குழி அந்தத் தாராளத்தைத்தான் பறிக்கிறது. ஒரு டிகிரி, அரை டிகிரித் திருத்தங்கள் குழியில் சிக்கிக்கொள்ளும்; நாம் வலிந்து திருப்பினால் தேவைக்கு மேல் திரும்பும். 60 வேகத்தில் பெரிதாகத் தெரியாது. மாட்டு வண்டிக்குப் பின்னால் போகிற வேகத்தில் வண்டி குடித்தவனைப் போல நெளியும்.

ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது, முடிந்தவரை மெதுவாக, கால் ஊன்றாமல் ஒரு நூறடி நேராகப் போய்ப் பாருங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்த, முன்சக்கரம் அந்தரத்தில் நிற்க, ஒற்றை விரலால் ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். குழி விரலுக்குத் தெரியும்.

பிரேக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. முன் பிரேக்கை யாரும் சோதிப்பதில்லை. ஓரளவு பலமாகப் பிடித்தால் ஆளும் வண்டியும் சேர்ந்த எடையில் முக்கால் பங்கு முன்சக்கரத்துக்கு வந்துவிடும். பின் பிரேக்குக்குப் பிடிக்க அதிகம் மிஞ்சாது. முன் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் ஒருபக்கமாக இழுத்தால், ஃபோர்க்கோ சேஸிஸோ ஒருகாலத்தில் எதிலோ மோதியிருக்கக்கூடும்.

புகையைப் பார்க்க நண்பர் ஒருவர் பின்னால் வர வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி இறங்கிவிட்டு மறுபடி திருகும்போது நீலப் புகை கக்கினால் வால்வு சீல் போயிருக்கிறது. திருகிய நிலையிலேயே தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங், அது செலவு. குளிர்ந்த காலையில் சைலன்சரில் வருகிற வெள்ளை ஆவி வெறும் தண்ணீர்தான்.

விற்பவருக்கும் இதில் கவலைகள் உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஓனர் மீதும் வழக்கு வரும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது; விற்ற பிறகும் பெயர் மாற்றும்வரை அதே கதைதான். வருகிறவரின் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, அவர் வந்த வண்டியையோ கூட வந்த ஆளையோ வாசலில் நிறுத்திக்கொண்டு சாவியைக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் இன்ஜினைச் சூடு பண்ணி வைக்கிறவர்கள் யோசிக்க ஒன்று உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே இதை விளக்கினார். 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். நல்லதையும் சொத்தையையும் பிரித்தறிய முடியாதபோது, வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் சொத்தைகளே மிஞ்சும். நன்றாக வைத்திருந்த வண்டியை ஆறவைத்துக் காட்டுவது ஓனருக்கே லாபம்.

இரண்டாவது தடவை வண்டி பார்க்கப் போனபோது மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வண்டி. "நீங்க வர்றீங்கன்னு காலையிலேர்ந்து தொடல தம்பி" என்றார். இன்ஜின் நிஜமாகவே சில்லென்றுதான் இருந்தது. அண்ணன் ஸ்டார்ட் செய்து, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை சிலிண்டர் ஹெட்டில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார். இரும்பு வழியாக ஒலி காற்றைவிடப் பல மடங்கு நன்றாகக் கடந்து வரும். ஏறக்குறைய டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி. "டேப்பெட்தான், வால்வைத் திறக்கிற எடத்துல இடைவெளி. அரை மணி நேர வேலை" என்றார். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார். பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்னைப் பின்னால் அழுத்தச் சொல்லி, ஹேண்டிலை ஒற்றை விரலால் திருப்பினார். க்ளிக்.

"கோன் செட் போயிருச்சு சார். மெதுவாப் போறப்ப வண்டி ஆட்டம் காட்டுமே?"

வாத்தியார் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுவாய்யா?" என்றார். "ரெண்டு வருஷமா ஆடுது. எனக்குத்தான் வயசாயிருச்சுன்னு நெனச்சு, விக்கவே முடிவு பண்ணேன்."