மணவாளக்குறிச்சி மண்ணும் டிரெஸ்டன் வானமும்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தை எல்பே ஆற்றின் மறுகரையிலிருந்து பார்த்தபடி பெர்னார்டோ பெல்லோட்டோ 1748-இல் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. பாலம், தேவாலயக் கோபுரங்கள், முக்கால்வாசித் திரையை நிறைக்கும் வானமும் தண்ணீரும். நாகர்கோவிலில் வீடு கட்டும் ஒருவர் இதை அச்செடுக்காமல் கையாலேயே நகலெடுத்து ஹாலில் மாட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரைபவருக்கு எந்த இடம் கஷ்டமாக இருக்கும்?

கோடுகள் அல்ல. நூற்றுக்கணக்கான ஜன்னல்கள் இருந்தாலும் கட்டம் போட்டுப் பெரிதாக்கிவிடலாம். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு பேனர் வரைந்தவர்களுக்கு இது அத்துப்படி. பெல்லோட்டோவும் அவருடைய தாய்மாமன் கனலெட்டோவும்கூட லென்ஸ் வைத்த இருட்டுப் பெட்டியில் விழும் பிம்பத்தைப் பார்த்துக் கோடு இழுத்தவர்கள்தான் என்று கருதப்படுகிறது. கஷ்டம் வெள்ளையில் இருக்கிறது.

வெள்ளை நிறம் என்பது பொடிக்கும் அதைச் சுற்றியுள்ள பொருளுக்கும் இடையில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைப் பொறுத்தது. இந்த வளைவைச் சொல்லும் அளவுதான் ஒளிவிலகல் எண். சுண்ணாம்புப் பொடியினுடையது சுமார் 1.6, ஆளிவிதை எண்ணெயினுடையது 1.48. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒளி சிதறாமல் உள்ளே போய்விடும். நனைந்த வெள்ளை வேட்டிக்குள் உடம்பு தெரிவதும் இதே கணக்குதான். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரில் எண்ணெய் இல்லை, அங்கே சுண்ணாம்பு வெள்ளையாகவே நிற்கும். எண்ணெய் ஓவியத்தில் அது எடுபடாது. அதனால்தான் பெல்லோட்டோ காலத்தில் ஈய வெள்ளை. அதன் எண் சுமார் 2.

இன்றைய டியூப்களில் பெரும்பாலும் ஈயம் இல்லை, அது நஞ்சு. 1920-களில் ஓவியர்கள் கைக்கு வந்த டைட்டானியம் வெள்ளைதான் இப்போது பெரும்பாலோருக்கு. ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் எண் சுமார் 2.7. அதன் மூலக் கனிமங்களில் ஒன்றான இல்மனைட், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிறதே, அதேதான். மணல் ஆலையில் காந்தத்தையும் உயர் மின்னழுத்தத்தையும் வைத்து அதைப் பிரிக்கிறார்கள். பிறகு வேறு ஆலைகளில் இரும்பை நீக்கினால் கறுப்பு மணலிலிருந்து கண்ணைப் பறிக்கும் வெள்ளை வருகிறது. மணல் எடுப்பதைப் பற்றி ஊரில் இருக்கும் சண்டை தனிக் கதை.

அந்த வெள்ளையின் பலமே நகலெடுப்பவருக்குத் தொல்லை. ஈய வெள்ளை கலக்கும் அளவுக்கு டைட்டானியம் வெள்ளையைக் கலந்தால் நீலம் செத்துப்போகும். வானம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அளவைப் பாதியாகக் குறைத்து, மெல்லிய படலங்களாக ஒன்றின் மேல் ஒன்று பூச வேண்டும். இதே வெள்ளைதான் பொய்யையும் காட்டிக் கொடுக்கும். 1914-இல் வரைந்தது என்று வுல்ஃப்காங் பெல்ட்ராக்கி விற்ற போலி ஓவியத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. 2010-இல் அவர் கைதாக அதுவும் காரணம். நகல் என்று சொல்லியே விற்பவருக்கு அந்தப் பயம் வேண்டாம். பெல்லோட்டோவே அரசருக்கு வரைந்த டிரெஸ்டன் காட்சிகளைப் பிரதமர் ப்ரூல் பிரபுவுக்கு இன்னொரு தடவை வரைந்து கொடுத்தவர்தானே.

அப்புறம், எந்த வயது ஓவியத்தை நகலெடுப்பது? பழைய பிசின் வார்னிஷ் மஞ்சளாகிவிடும். அதன் வழியே பார்த்தால் நீல வானம் பச்சை தட்டும். எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் ஆண்டுகள் போகப் போக ஏறுவதால் ஈய வெள்ளை மெல்லக் கண்ணாடித்தன்மை அடைகிறது. அடியில் மறைத்த கோடுகள் மேலே தெரியத் தொடங்கும். சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் ஓவியரையும் அழுக்கையும் சேர்த்து நகலெடுத்ததாகிவிடும். சிலருக்கு அந்தப் பழுப்புதான் 'பழசு' என்று பிடிக்கிறது. எனக்குப் பிடிப்பதில்லை.

தண்ணீரை வரையும்போது படத்தை மட்டும் நம்ப வேண்டாம். குழித்துறையில் தாமிரபரணிக் கரைக்குப் போய் நின்றால் போதும். காலடியில் நேர் கீழே பார்க்கும்போது தண்ணீர் சுமார் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே போவதால் அடிமண்ணின் நிறம் தெரிகிறது. மறுகரைப் பக்கம் பார்வை சாயச் சாய அந்த அளவு ஏறி, தண்ணீர் வானத்தின் நிறமாகிவிடும். ஆறு முழுவதையும் ஒரே நீலத்தில் அடிக்கும் நகல்கள் தட்டையாகத் தெரிவது இதனால்தான்.

காய்வதற்கு வருவோம். எண்ணெய் ஓவியம் துணி மாதிரி உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிறது. தொடக்கத்தில் எடைகூடக் கூடும். ஈய வெள்ளை இந்த வேலையைத் துரிதப்படுத்தும், டைட்டானியம் அப்படிச் செய்யாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெறும் நம் மாவட்டத்தின் ஈரக்காற்றில் இது இன்னும் இழுக்கும், கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சையும் பிடிக்கும். எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், எண்ணெய் மிகுந்தது மேலே என்ற வரிசை தவறினால், மேல்பூச்சு முந்திக் காய்ந்து வெடிப்பு விடும். மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். பால்காய்ப்புக்கு ஓவியம் வேண்டும் என்பவர், அஸ்திவாரம் தோண்டும்போதே ஆர்டர் கொடுத்துவிடுவது நல்லது.